கார்டில் இருந்த ஜடை

அந்தக் காகிதத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டதா என்று யாராவது கேட்டால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஊர் வரதய்யபாளையம் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலை செய்யும் இடத்தில் இரண்டும் கலந்து நடுநடுவே இங்கிலீஷ். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறேன். எட்டு மணி நேரம் நின்றபடியே ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. ஷிப்ட் முடிந்தால் கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் பந்து. கம்பெனியில் பெண்கள் ஃபுட்பால் டீம் ஒன்று வைத்தபோது, நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு படம் கிடைக்கும் என்றுதான் வைத்தார்கள். நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்ததும் அவர்களுக்கே சங்கடமாகப் போய்விட்டது, லீவு கொடுக்க வேண்டியிருந்தது.

நாடு முழுக்க நடக்கும் பெண்கள் கோப்பைப் போட்டி அது. நாக்அவுட். ஒரு மேட்ச் தோற்றால் பையைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான், அடுத்த வருஷம்தான் மறுபடி. மாநிலத்தில் கடைசிவரை தோற்காமல் நிற்கிற ஒரே ஒரு டீம் மேலே போகும். மேலே என்றால் வெளி மாநிலம், பெரிய மைதானம், புல்.

புல் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து ஆடுகிறேன், ஒரு நாள்கூடப் புல்லில் ஆடியதில்லை. செம்மண், சரளைக்கல், மழை பெய்தால் சேறு. விழுந்தால் தோல் உரியும். என் முழங்கால் இரண்டையும் பார்த்தால் எத்தனை மேட்ச் ஆடினேன் என்று எண்ணிவிடலாம். டிவியில் ஆடுகிறவர்கள் சறுக்கி விழுந்து, பச்சைக் கறையோடு எழுந்து ஓடுவார்கள். எனக்கும் ஒரு தடவை அப்படி எழுந்திருக்க வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இதுதான் என் ஆசை. போன வருஷம் அதற்கு இரண்டு மேட்ச் பாக்கி இருந்தது.

அரையிறுதி சித்தூரில். தொண்ணூறு நிமிஷம் முட்டி மோதியும் யாரும் கோல் போடவில்லை, பெனால்டிக்குப் போனது. எங்கள் கேப்டன்தான் கோல்கீப்பர். புத்தலப்பட்டுக்காரி, என்னைவிட மூன்று வயது பெரியவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் எதிராளியின் கடைசி உதையைப் பிடித்துவிட்டாள். மிச்சம் என்னுடைய உதை. போட்டால் ஜெயிப்பு. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தேன். கோவிந்தா, இது உள்ளே போகட்டும், என் முடி மொத்தமும் உனக்கு என்று மனசுக்குள் சொன்னேன். உதைத்தேன். கம்பத்தில் பட்டு உள்ளே போனது.

எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே வரும் ஜடை. கம்பெனியில் தொப்பிக்குள் அதை அடக்குவதற்கே தினமும் பத்து நிமிஷம் ஆகும். அன்று சாயங்காலம் நைனாவுக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வேண்டிக்கினா வேண்டிக்கினதுதான். நாள தள்ளிக்கினே போவாத, சாமி கண்ண குத்தும்" என்றார்.

எங்கள் வீட்டில் இது கறாரான விஷயம். வேண்டுதல் வாயிலிருந்து வந்தால், அடுத்து கையில் கிடைக்கும் லீவு நாள் மலைக்கு. எனக்கு வார லீவு புதன்கிழமை. ஃபைனல் அதற்கடுத்த ஞாயிறு, திருப்பதியில். ஃபைனல் ஜெயித்தால் அப்புறம் கேம்ப், பயணம் என்று எங்கே இருப்போமோ தெரியாது. எனவே புதன்தான்.

அக்கா மட்டும் வேண்டாம் என்றாள். "ஏமே, இப்போதைக்கு மூணு கத்திரி குட்த்துட்டு வா, போதும். மேட்ச் முட்சிக்கினு மொத்தமா குடுக்கலாம். பச்ச மொட்டையில பந்து பட்டா எரியும்டி."

பெண்கள் மொட்டை போட மனசில்லாமல் நுனியில் மூன்று தடவை கத்தரித்துக் கொடுத்துவிட்டு வருவது திருமலையில் வழக்கம்தான். குறை சொல்லவில்லை. ஆனால் நான் வேண்டிக்கொண்டது மொத்தம்.

"சாமியாண்ட தவண சொல்லச் சொல்றியாக்கா?" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். இந்தக் கதையில் நான் செய்த தப்பு இது ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையில் எனக்கு மழித்தது ஒரு பெண். தண்ணீர் தெளித்து, தலையைக் குனியச் சொல்லி, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஜடை என் மடியில் விழுந்தபோது அதன் கனம் தெரிந்தது. எழுந்து வெளியே வந்தேன், காற்று நேராக மண்டையில் பட்டது. அழுகை வரும் என்று பயந்துபோயிருந்தேன். பசிதான் வந்தது.

வியாழக்கிழமை வேலைக்குப் போனால் ஒரே மரியாதை. எங்கள் லைன் சூப்பர்வைசர்தான் டீமுக்கும் மேனேஜர், ஐம்பது வயது இருக்கும். என் தலையைப் பார்த்ததும் இரண்டு விரலால் மொட்டையில் பூசியிருந்த சந்தனத்தைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "புண்ணியம் பண்ணிக்கினு வந்துட்டம்மா, கப்பு நமக்குத்தான்" என்றார். தினமும் காலையில் புதிதாகப் பூசிக்கொண்டேன், வெள்ளிக்கிழமை பிராக்டிசில் ஹெட்டர் அடித்தால் பந்தில் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டியது. அக்கா பந்தைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "ஊதுபத்தி ஏத்துறதுதான் பாக்கி" என்றாள். சிரித்து சிரித்து வயிறு வலித்தது. அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை நினைத்தாலும் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

ஞாயிறு நான்கு மணிக்கு மேட்ச். மைதானத்துக்கு வெளியே ரோட்டில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று வரிசையாக மொட்டைத் தலைகள், எல்லாவற்றிலும் சந்தனம். திருப்பதியில் பிறந்த குழந்தைக்குக்கூட மொட்டை புதுசில்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாமியானாவுக்குக் கீழே மேட்ச் கமிஷனர் உட்கார்ந்திருந்தார். மேட்ச் தொடங்கும் முன்பு ஒவ்வொருவருடைய அடையாளக் கார்டையும் வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒத்துப்பார்த்து அனுப்புவது அவர் வேலை. பத்தாம் நம்பர் என்று கூப்பிட்டார். நான் போய் நின்றேன். கார்டில் எண்ணெய் வைத்து வாரிய தலை, முன்பக்கம் எடுத்துப் போட்ட ஜடை. எதிரே மொட்டை. அவர் இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலைக்கா?" என்றார். ஆமாம் சார் என்றேன். கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிவிட்டார். நீட்டினார், நான் பார்த்தேன்.

அப்போதுதான் எதிர் டீம் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றான். இனி அவனுக்கு மரியாதை கிடையாது. கார்டை எட்டிப் பார்த்தான், என்னை ஏற இறங்கப் பார்த்தான். முதலில் மெதுவாகத்தான் சொன்னான். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி தெலுங்கில் கத்தினான். "இதி ஆடபில்லா? மகாடிலா உன்னாடே!" பெண்ணா இது, ஆம்பிளை மாதிரி இருக்கிறானே என்று. என் தோளைப் பார் என்றான், கையைப் பார் என்றான், நெஞ்சைக் காட்டி வேறொன்றும் சொன்னான். எட்டு மணி நேரம் ஸ்க்ரூ முடுக்குகிற தோள் பின்னே எப்படி இருக்கும்? அவனுடைய டீமில் இருந்த பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அரையிறுதியைப் பார்க்க அவன் சித்தூருக்கு வந்திருந்தான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். என் ஜடையைப் பார்த்தவன் அவன்.

மேட்ச் கமிஷனர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "புரொடெஸ்ட் வச்சிட்டாரு. நான் என்ன செய்யட்டும்? ரூல்ஸ் ரூல்ஸே கதா" என்றார், ரூல் ரூல்தானே என்று. லேடி டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி வா, அதுவரை ஆட முடியாது என்றார்.

"எந்த ரூல் சார், காட்டுங்க" என்றாள் அக்கா. அவர் ஃபைலை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். திறக்கவில்லை.

எங்கள் மேனேஜர் ஏதாவது பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். வியாழக்கிழமை என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "எதுக்கும்மா வம்பு? ஒரு சர்டிபிகேட் தானே, வாங்கிக்கினு வந்துடு. மூணு கத்திரி குட்த்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?" என்றார். அந்த மூன்று கத்திரியை அவர் வாயிலிருந்து கேட்டபோது வந்த கோபம் எதிர் டீம்காரன் மேல்கூட வரவில்லை.

அக்கா கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். "அவ ஆடலன்னா யாரும் ஆடல" என்றாள். மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மேட்ச் கமிஷனர் வாட்சைப் பார்த்து, பதினைந்து நிமிஷத்தில் டீம் இறங்காவிட்டால் எதிர் டீமுக்கு வாக்ஓவர் என்றார். நாக்அவுட்டில் வாக்ஓவர் என்றால் கதை முடிந்தது.

யாரும் என்னைத் துரத்தவில்லை. நானேதான் சொன்னேன். "எறங்குங்கக்கா. நான் போய் வாங்கிக்கினு வந்துடறேன். என்னால போச்சுன்ற பேரு எனக்கு வேணாம்." மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் என் பேரை எழுதச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். மொட்டை போட்டதுதான் தப்பு என்று நினைத்திருந்தேன் அல்லவா? இல்லை. இதுதான் தப்பு. நான் பெண்தானா என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல ஓடினேனே, அதுதான்.

வாசலில் ஆட்டோ. டிரைவர் என்னைத் திரும்பிக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. "மொக்கு தீர்சுகுன்னாவாம்மா?" என்றார், வேண்டுதல் முடிந்ததா என்று. அரை நொடி. அரை நொடியில் ஒரு ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பாதி கிளினிக் மூடிக் கிடந்தது. நான்காவதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி திறந்திருந்தது. டாக்டர் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். ஜெர்சி, முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ், மொட்டை. சுற்றிலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிறைமாதப் பெண்கள். எதற்காக வந்திருக்கிறாய் என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். என்ன சொல்வது? முழங்கால் வலி என்றேன். சுவரில் இருந்த கடிகாரத்தையும், மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டிலில் ஏறச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஏறுவதா, எழுந்து போய்விடுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அந்த நேரத்தில் என் டீம் எனக்குப் பதில் வேறொருத்தியை வைத்து ஆடிக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து டாக்டர் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் துடைப்பது நின்றுபோனது. யார் கேட்டது என்றார். சொன்னேன். அவனுக்குக் கண் இல்லையா என்றார். நான் திரையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. "அங்கே எதுக்கு? நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்று தெலுங்கில் சொல்லி, நின்றபடியே லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை. எங்கள் டீமுக்கு வெளியே அன்று என் பக்கம் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான். அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன்.

நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது எழுபத்தோராவது நிமிஷம். நாங்கள் ஒரு கோல் பின்னால். மூச்சு வாங்க ஷாமியானாவுக்கு ஓடிக் காகிதத்தை நீட்டினேன். மேட்ச் கமிஷனர் வாங்கினார். நாலாக மடித்தது மடித்தபடியே ஃபைலுக்குள் செருகினார். "சரே, சரே, போ" என்றார்.

"படிச்சிப் பாருங்க சார்" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் அவசரம் லேதும்மா. போய் ஆடு."

எழுபத்தோரு நிமிஷம் என்னை வெளியே நிறுத்திய காகிதம் அது. எதிர் டீம் மேனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவனும் கேட்கவில்லை. ஒரு கோல் முன்னால் இருக்கிறவனுக்கு நான் ஆணா பெண்ணா என்று என்ன கவலை?

பத்தொன்பது நிமிஷம் ஆடினேன். கோபத்தில் ஓடினால் கால் வேகமாகப் போகும், கண் சரியாகப் பார்க்காது. இரண்டு பாஸை வீணாக்கினேன். ஒருத்தியைத் தேவையில்லாமல் இடித்துத் தள்ளினேன், பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. எண்பத்தெட்டாவது நிமிஷம் கார்னர் வந்தது. பந்து உயரமாக வந்து நேராக என்னிடம் இறங்கியது. எம்பி, நெற்றிக்கு மேலே சரியாக வாங்கி அடித்தேன். அக்கா சொன்ன மாதிரியே எரிந்தது. பந்து மூலைக்குத்தான் போனது. அவர்களுடைய கோல்கீப்பர் முழு நீளத்துக்கும் பாய்ந்து பிடித்துவிட்டாள். எழுந்து நின்றபோது அவளுடைய கையுறையில் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

ஒன்றுக்கு பூஜ்யம். புல் போச்சு.

மேட்ச் முடிந்தால் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும். வரிசையின் கடைசியில் எதிர் டீம் மேனேஜர். எனக்குக் கை கொடுத்துச் சிரித்துக்கொண்டே, "ஏமனுகோகம்மா. கெலவாலி கதா" என்றான். தப்பா நினைச்சுக்காதம்மா, ஜெயிக்கணும் இல்ல?

அம்மாவாம். நாலு மணிக்கு ஆம்பிளையாக இருந்தவள் ஆறு மணிக்கு அம்மா ஆகிவிட்டேன். அவனுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. பத்தாம் நம்பர் வெளியே இருந்தால் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போட்டு, கையில் கிடைத்ததை எடுத்து வீசினான். கையில் கிடைத்தது நான் சாமிக்குக் கொடுத்த முடி. நான் கையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். இன்றுவரை ராத்திரி படுத்தால் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு அவனுக்கு விதவிதமாகப் பதில் சொல்கிறேன். எதையும் இங்கே எழுத முடியாது.

வேனில் திரும்பினோம். வரதய்யபாளையம் கிட்டே வந்ததும் எங்கள் மேனேஜர் முன் சீட்டிலிருந்து திரும்பி, ஆறுதலாகத்தான் சொன்னார். "வுடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதுக்குள்ள முடி வளந்துடும்."

"முடி வளந்தா நீங்க பேசுவீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடி வளர்ந்தது. பத்து மாசத்தில் காதை மூடி, கழுத்தைத் தொட்டது. எல்லோருக்கும் திருப்தி. இனி பிரச்சினை இல்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், என்னவோ என் மண்டையில் முடி இல்லாததுதான் பிரச்சினை என்பது போல. இந்த வருஷம் கோப்பைக்குப் பதிவு செய்ய ஃபாரம் வந்தது, இரண்டு படம் ஒட்ட வேண்டும். அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து சலூனுக்குப் போனேன். ஆண்கள் சலூன். உள்ளே இருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். மொட்டை என்றேன். கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தக் கோயிலுக்கும்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் தலையைக் குனிந்து காட்டினேன். இங்கே முடி மடியில் விழவில்லை, தரையில் விழுந்தது, ஒரு துடைப்பத்தால் தள்ளினார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் வாயேன்கா" என்றேன். "போடி, எங்க வூட்டுக்காரு என்ன உள்ள வுடமாட்டாரு" என்றாள். பிறகு கேட்டாள். "ஏமே, சீசன் முடியறதுக்குள்ள முடி வளந்துருமே. கார்டுல மொட்ட, தலையில முடின்னு நிறுத்துனா?"

"வளர வுடமாட்டேன்" என்றேன்.

அங்கிருந்து நேராக ஸ்டூடியோ. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்ளச் சொன்னார் ஃபோட்டோகிராபர். வேண்டாம், இப்படியே எடுங்கள் என்றேன். அன்றிலிருந்து வாரம் தவறாமல் சலூன். கடைக்காரர் இப்போது எந்தக் கோயில் என்று கேட்பதில்லை.

போன ஞாயிறு முதல் சுற்று. அதே மைதானம், அதே ஷாமியானா, அதே மேட்ச் கமிஷனர். பத்தாம் நம்பர் என்று கூப்பிட்டார். கார்டைப் பார்த்தார், மொட்டை. என்னைப் பார்த்தார், மொட்டை. அடையாளம் தெரிந்துவிட்டது. கார்டைத் திருப்பிக் கொடுக்காமல், பரிவாகச் சிரித்தார்.

"மறுபடியும் வேண்டுதலாம்மா? எந்த சாமிக்கு?"

"இது சாமிக்கு இல்ல சார்" என்றேன். "ஒங்களுக்கு."

அவர் கார்டை மேஜை மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன்.